கலக்கப்படலாம்

வக்கீலே,

நேற்றுக் காலை வண்ணார்பேட்டையில், நீர் வழக்கமாக நகல் எடுக்கும் கடையில் நின்றுகொண்டிருந்தேன். இயந்திரத்திலிருந்து தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. சூடான தாளின் வாசனை மூக்கில் ஏறியதும் உம்முடைய நினைப்பு வந்துவிட்டது. முதல் தாளை எடுத்து முகர்ந்து பார்த்து, "இது வெந்துட்டு, அடுத்தது போடும்" என்று கடைக்காரரிடம் சொல்வீர். அவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார். நேற்று அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வக்கீல் சார் வரலியா? ஒரு வருசமா ஆளையே காணோம்."

அவருக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். பின்னால் கையில் சான்றிதழ்களோடு நாலு பேர் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "ஊர்ல இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நிச்சயமாகத் தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்று உம்மோடு அத்தனை சண்டை போட்டவன் நான். நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை நேற்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான் அங்கே நின்றதற்குக் காரணம் ஒரு வரைவின் பதினேழாம் பக்கம். நம் ஆற்று வாய்க்கால்களை யார், எப்போது, எதற்குப் பயன்படுத்துவது என்று புது விதிகள் வரப்போகின்றன. வரைவை வெளியிட்டு எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். கடைசிக் கூட்டம் இன்று காலை. பதினேழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'கோடை மாதங்களில் மட்டும், நகரக் கழிவுநீர் வாய்க்காலின் கடைமடைப் பகுதியில் கலக்கப்படலாம். ஆதாரம்: வல்லுநர் அறிக்கை.'

அந்த வல்லுநர் நான்தான்.

கோடையில் கழிவுநீர் அங்கே கலக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத்தான் 'கலக்கப்படலாம்' என்று எழுதினேன். கலப்பதற்கு அனுமதி உண்டு என்று அவர்கள் படித்துக்கொண்டார்கள். என் வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 'மட்டும்' என்பது மட்டும் என்னுடையதில்லை. அதை யாரோ நல்ல மனசோடு சேர்த்திருக்கிறார்கள்.

நீர் இதை ஒன்றரை வருஷத்துக்கு முன்பே சொன்னீர். அதனால்தான் இதை உமக்கு எழுதுகிறேன். ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வரை நடந்துவிட்டு வருகிறேன். நண்பகலுக்கே கூட்டம் முடிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.

நாம் முதலில் சந்தித்ததே இந்த 'லாம்' மேல்தானே. பன்னிரண்டு வருஷம் இருக்கும். வாய்க்காலில் மீன் செத்து மிதந்ததற்காக விவசாயிகள் ஒரு தொழிற்கூடத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரியில் நன்னீர் உயிரியல் நடத்துகிறவன் என்பதால் விவசாயிகள் பக்கம் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நீர். பதினோரு மாதம் அந்த வாய்க்காலில் முழங்கால் அளவு சேற்றில் நின்று பூச்சியையும் நத்தையையும் எண்ணிய திமிரில் கூண்டில் ஏறினேன்.

"இந்தக் கழிவால மீன் செத்திருக்கலாம்னு அறிக்கையில சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"வேற காரணத்தாலயும் செத்திருக்கலாம். இல்லையா?"

நான் யோசித்தேன். யோசித்தால் நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. "செத்திருக்கலாம்" என்றேன்.

"வேற கேள்வி இல்ல" என்று நீர் உட்கார்ந்துவிட்டீர்.

வெளியே வந்தபோது கையிலிருந்த அறிக்கையைச் சுருட்டிக் கசக்கிக்கொண்டிருந்தேன். கோபம்தான். நீர் பின்னாலேயே வந்து, கேட்காமலே எனக்கு ஒரு டீ சொன்னீர். தோற்கடித்தவனுக்கு டீ வாங்கித் தருகிற வக்கீலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"உம்மத் தோக்கடிச்சது நான் இல்ல வே, உம்ம 'லாம்'தான்" என்றீர். "எவ்வளவு நிச்சயம்னு நான் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா நான் தோத்திருப்பேன். நான் கேக்கலன்னா நீராவது சொல்லியிருக்கணும்லா?"

அடுத்த வாரம் உம் வீட்டுக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் தோல்வி நகக்கண்ணில் ஏறிய சிராய் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. அந்த வழக்கை ஜெயித்தது உமக்கும் உறுத்தியிருக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதன் பிறகு அந்த மாதிரி வக்காலத்து எதையும் நீர் வாங்கவில்லை. அதைப் பற்றி நீராக ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

அதுவரை நான் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி, எங்கோ தூர தேசத்து இதழுக்கு அனுப்பி, அது அச்சானதும் ஆற்றுக்கு ஏதோ செய்துவிட்டதாக நிம்மதியாகத் தூங்குகிற ஆள். ஒருநாள் ஆசையாக ஒரு கட்டுரையை உம்மிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்தீர். "இத ஆழ்வார்திருநகரியில எத்தன பேரு படிச்சான்?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர். இரண்டு நாள் உம்மோடு நான் பேசவில்லை.

பிறகு உம்முடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினேன். எந்த மேசையில் எந்தக் கோப்பு இருக்கிறது, எந்த உதவியாளர் எழுதினால் மேலே இருப்பவர்கள் மாற்றாமல் கையெழுத்துப் போடுவார்கள், எல்லாம் உமக்கு அத்துப்படி. எனக்கு அது கேவலமாக இருந்தது. ஆராய்ச்சிக்காரன் கோப்பின் பின்னால் அலைவதா என்று கேட்டேன். நீர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினீர்.

"ஒரு விதி பொறக்கது சட்டசபையில இல்ல வே. ஒரு மேசையில, ஒரு உதவியாளர், மத்தியானச் சோத்துக்கு முந்தி, பழைய அறிக்கையப் பாத்து எழுதுதாரு. அந்த நேரம் உம்ம தாளு அந்த மேசையில கெடக்கணும், அதுவும் அவருக்குப் புரியுத தமிழ்ல. விதி வந்தப்புறம் போயிக் கத்தி என்ன சோலி?"

முதல் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் நாற்பது நிமிடம் பேசினேன். விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் வரைபடங்கள் காட்டினேன். விளக்கைப் போட்டபோது இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நீர் என் தோளில் கை போட்டு, "மூச்சுக்கு மூச்சு நீர் நீர்ங்கீரு, என்னையத்தான் வையுதீரோன்னு பயந்துட்டேன் வே" என்றீர். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அஞ்சு நிமிசத்துல சொல்ல முடியாதத நாப்பது நிமிசத்துலயும் சொல்ல முடியாது" என்றும் சொன்னீர். அடுத்த கூட்டத்தில் நான் ஆறு நிமிடம் பேசினேன். ஒரு பொறியாளர் எழுந்து மூன்று கேள்வி கேட்டார். அன்று உமக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம்.

அப்புறம் அந்த அறிக்கை வந்தது. வாய்க்கால்களின் நிலை பற்றி எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டார்கள். பத்து வருஷம் நாம் அலைந்ததற்கு அது ஒரு பலன். கொடுப்பதற்கு முன் உம்மிடம் காட்ட வீட்டுக்கு வந்தேன். மதினி சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். நீர் கடைசிப் பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டு, 'பரிந்துரைகள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு சொல்லைப் பென்சிலால் சுழித்தீர்.

"இது யாருக்கு எழுதுனது?"

"யாரு வேணும்னாலும் படிக்கட்டும்."

"அப்ப கழிவ எங்கன கொண்டு தள்ளுவோம்னு நிக்கவனும் படிப்பான். அவனுக்கு இது அனுமதிச் சீட்டு வே."

நான் சிரித்தேன். "கோட்டிக்காரன்கூட அப்படிப் படிக்க மாட்டான்."

"கோட்டிக்காரன் படிக்க மாட்டான். அவசரத்துல இருக்கவன் படிப்பான்."

"பின்ன எப்படி எழுதச் சொல்லுதீரு? கலக்குததை நான் கண்ணால பாக்கல. கோடை வந்தா நல்ல தண்ணியில இருக்க பூச்சி போயிருது, சாக்கடையில இருக்க பூச்சி வந்துருது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சம் ஊகம்."

"அதையே எழுதும். பூச்சி போயிட்டுன்னு எழுதும், அது நீரு கண்டது. கழிவோன்னு சந்தேகப்படுதேன்னு எழுதும், அது நீரு நெனைக்கது. சந்தேகம் தீருத வரைக்கும் ஒரு சொட்டு விடக்கூடாதுன்னு எழுதும், அது நீரு கேக்கது. மூணையும் ஒரு வார்த்தைக்குள்ள போட்டு அமுக்காதீரும்."

விடக்கூடாது என்று சொல்வது என் வேலை இல்லை, உண்மையைச் சொல்வதுதான் என் வேலை, முடிவை அவர்கள் எடுக்கட்டும் என்றேன். நீர் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயி, ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்லன்னு பிரசங்கம் கேட்டுட்டு வாரீரு. திங்கக்கிழமை வந்து லாம்னு எழுதுதீரு" என்றீர். வேடிக்கையாகத்தான் சொன்னீர். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஊகத்த உண்மையாக்குதது உம்ம தொழில். செத்த மீனுக்கே வேற காரணம் சொன்ன ஆளுலா நீரு" என்றேன்.

அந்த வழக்கு உம்மை எப்படி அரித்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நீர் பென்சிலைச் சட்டைப் பைக்குள் வைத்தீர். "காப்பியக் குடியும், ஆறுது" என்றீர். அவ்வளவுதான். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன். அந்தச் சொல்லை மாற்றாமலே அறிக்கையைக் கொடுத்தேன்.

இப்போது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் நேர்மை என்று பேசியதில் பாதிக்கு மேல் பயம். கூடாது என்று எழுதி, நாளைக்கு வேறொருவர் வந்து அது கழிவே இல்லை என்று காட்டிவிட்டால் என் பேர் என்னாகும் என்ற பயம். 'லாம்' போட்டுக்கொண்டால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடம் உண்டு. கடைமடைக்காரர்களுக்கு அந்த இடமும் கிடையாது. இதை நான் அப்போதே அறிந்திருந்தேனா? அரைகுறையாக அறிந்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்து மாதம் நாம் பேசவில்லை. உம் வீட்டு நிறுத்தத்தில் பேருந்து நின்றால் இறங்கலாமா என்று நினைப்பேன், இறங்க மாட்டேன். செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் நீர் போய்விட்டதாகத் தாக்கல் வந்தது. கைகூடக் கழுவாமல் ஓடிவந்தேன். உம்மைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மதினி என்னைப் பார்த்ததும், "உங்க அறிக்கை என்னாச்சு, என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ" என்று சொல்லி அழுதார்கள். அறிக்கையை நான் கொடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

சரி, இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று நான் நகல் எடுத்தது என்னுடைய ஆட்சேபக் கடிதம். ஒரு பக்கம்தான். 'வரைவைத் தயாரித்தவர்கள் எனது வாக்கியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டுள்ளனர்' என்று எழுதியிருந்தேன். அதைக் கூட்டத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, ஓசைப்படாமல் வந்துவிடுவதாகத்தான் திட்டம். வரைவில் என் பெயர் இல்லை. வல்லுநர் என்றுதான் இருந்தது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரியாது.

எனக்கு எதிர்வரிசையில் முத்துலெட்சுமி என்று ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆழ்வார்திருநகரிக்கும் கீழே, வாய்க்கால் முடிகிற ஊர் ஒன்றின் வார்டு உறுப்பினர். பதினேழாம் பக்கம் வந்ததும் எழுந்தார்கள்.

"எங்க ஊரு வாய்க்கால்ல சாக்கடைய விடலாம்னு போட்டிருக்கு. எந்தப் புண்ணியவான் எழுதுனாரு? கோடையில அந்த வாய்க்காலோரம் ஊத்துத் தோண்டித்தான் நாங்க குடிக்கோம். அது அந்தப் புண்ணியவானுக்குத் தெரியுமா?"

"வல்லுநர் அறிக்கையில இருக்கும்மா" என்றார் ஒரு அதிகாரி, தாளைப் பார்த்துக்கொண்டே.

என் கடிதம் மடியில் இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் வாக்கியம் மாறியிருக்கும். பழி, வரைவை எழுதிய யாரோ ஓர் உதவியாளர் மேல் விழுந்திருக்கும். அவர் என் அறிக்கையின் 'பரிந்துரைகள்' என்ற தலைப்புக்குக் கீழே இருந்ததைப் பரிந்துரை என்று எடுத்துக்கொண்டார். அவர் செய்த தப்பு அவ்வளவுதான். எழுந்து நின்றேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"எழுதுனது நான்தாம்மா" என்றேன். "தப்பு என்னுடையது. என் சந்தேகத்தைப் பரிந்துரையின் கீழே எழுதிவிட்டேன், அதுவும் ரெண்டு அர்த்தம் வருகிற சொல்லில். வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். நான் கேட்கவில்லை."

உம்மிடம் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு கூட்டம் நிறைய அந்நியர்களிடம் சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் அவமானத்தால் என்று நினைத்திருப்பார்கள்.

கூட்டத் தலைவர் பொறுமையான மனிதர். "அப்ப எப்படி இருக்கணும் சார்? இப்பவே சொல்லுங்க, குறிப்புல ஏத்திருவோம்" என்றார். கணினி முன்னால் இருந்த பெண் என்னைப் பார்த்தாள். முப்பது வருஷமாக எழுதுகிறேன், நின்ற நிலையில் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லி என்னை யாரும் கேட்டதில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "விஞ்ஞானி விஞ்ஞானத்தப் பேசட்டும். விடணும், விடக்கூடாதுன்னு சொல்லுதது அவர் வேலை இல்ல" என்றார். நான் உம் வீட்டில் பேசிய அதே பேச்சு. வேறொருவர் வாயிலிருந்து வரும்போதுதான் அது எவ்வளவு வசதியான பேச்சு என்று தெரிகிறது.

"எந்த மாதத்திலும், எந்த அளவிலும், கழிவுநீரை வாய்க்காலில் கலக்கக் கூடாது" என்று சொன்னேன். அந்தப் பெண் தட்டினாள்.

"உறுதியா சொல்லுதீங்களா சார்? மேல ஆதாரம் கேப்பாங்க" என்றார் தலைவர்.

"இப்ப கலக்குதாங்கிறதுல எனக்குச் சந்தேகம் உண்டு. என்ன கண்டேன், எவ்வளவு சந்தேகம், எல்லாம் தனியா எழுதித் தாரேன். கலக்கக் கூடாதுங்கிறதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

நீர் இருந்திருந்தால் அந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பீர். ஜெயித்துவிட்டோம் என்று நீர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

வாசல் படியில் முத்துலெட்சுமி அம்மா என்னை மறித்தார்கள். கோபம் ஆறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எழுதுனதும் நீங்க, மாத்துனதும் நீங்க. சரி. இப்ப ஒண்ணு சொல்லுங்க. இந்தக் கோடையில அந்த ஊத்துத் தண்ணிய நாங்க குடிக்கலாமா?"

வாய் தன் பாட்டுக்குத் திறந்தது. கொதிக்கவைத்துக் குடிக்கலாம், மாதிரி எடுத்துப் பார்த்தால் சொல்லலாம், இடத்துக்கு இடம் மாறலாம். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அந்த அம்மா காத்துக்கொண்டு நின்றார்கள்.

"வேண்டாம்மா. குடிக்காதீங்க" என்றேன்.

"பின்ன எதைக் குடிக்க?"

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல், கூட வந்திருந்த பெண்களோடு பேருந்துக்குப் போய்விட்டார்கள். நான் அந்தப் படியிலேயே நின்றேன். நான் இத்தனை வருஷமும் சேற்றில் நின்று எண்ணியது எதற்காக என்று அந்த அம்மா மூன்றே வார்த்தையில் கேட்டுவிட்டுப் போனதாகத் தோன்றியது.

ஆய்வகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஒரு பக்கக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். புதுக் கடிதத்தில், கண்டது ஒரு பத்தி, சந்தேகம் ஒரு பத்தி, கேட்பது ஒரு பத்தி. மூன்றாவது பத்தியில் கூடாது என்பதோடு இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறேன்: 'வாய்க்கால் சுத்தம் என்று அளந்து காட்டும் வரை, கடைமடை ஊர்களுக்குக் கோடையில் வேறு குடிநீர் கொடுக்க வேண்டும்.' இதைக் கேட்பது என் வேலையா என்று இப்போதும் ஒரு குரல் உள்ளே முனகுகிறது. முனகட்டும். அடியில் வல்லுநர் என்று போடவில்லை, என் முழுப் பெயரை எழுதினேன்.

திங்கட்கிழமை கோப்பு சென்னைக்குப் போகிறது. போகிற வழியில் இன்னும் எத்தனை மேசையோ. ஒவ்வொரு மேசையிலும் யாரோ அவசரத்தில் இருப்பார்கள். அதனால் நானும் போகிறேன்.

கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது. அந்தத் தடவையும் எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது, வக்கீலே. பென்சிலை எடுத்துக்கொண்டு இதோடு சண்டை போட இந்த ஊரில் எனக்கு இன்னொரு ஆள் இல்லை.